தூங்குமூஞ்சியின் கத்தரித் தோட்டம்

அவளுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்தது அவள் அண்ணன். பள்ளிக்கூட நாளில் புத்தகத்தின் மேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாள். எழுப்பினால் கன்னத்தில் பாதிப் பாடம் பதிந்திருக்கும். கல்லூரி ஹாஸ்டலுக்கு வந்தபின் அந்தப் பெயரை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனால் பழகிய பெயரை விடவும் மனம் வரவில்லை. போனில் ஆடும் தோட்ட விளையாட்டில் மட்டும் அதையே வைத்துக்கொண்டாள்.

அந்த விளையாட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விதை போட வேண்டும், தண்ணீர் ஊற்ற வேண்டும், காய்த்தால் பறிக்க வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரர்கள் வந்து நம் செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், நாமும் அவர்கள் தோட்டத்துக்குப் போகலாம். ஹாஸ்டலில் பாதிப் பேர் இதே வேலையாகத்தான் இருந்தார்கள். எல்லாருக்கும் புனைபெயர். யார் யாரென்று கண்டுபிடிப்பது தனி விளையாட்டு. தூங்குமூஞ்சியின் தோட்டத்துக்கு ஒரு நாள் தவறாமல் வந்து தண்ணீர் ஊற்றுகிறவர் பெயர் பால்காரி. எந்த மாடி, எந்த அறை, தெரியாது.

தோட்டம் போக மீதி நேரமெல்லாம் அவள் 'பின்வாசல்' நடத்தினாள். அது கல்லூரி நடத்தும் பத்திரிகை இல்லை. கல்லூரிப் பத்திரிகையில் முதல்வர் மரம் நடும் படம் வரும், அடுத்த இதழில் அதே முதல்வர் அதே மரத்துக்குத் தண்ணீர் ஊற்றும் படம் வரும். பின்வாசல் இணையத்தில் வரும் சின்னப் பக்கம். தண்ணீர்த் தொட்டியில் எலி செத்துக் கிடந்தது, நூலகத்தைச் சொன்ன நேரத்துக்கு முன்பே பூட்டுவது, இதெல்லாம் அதில்தான் வரும். எழுதியவர் பெயர் இருக்காது. டீ வரிசையில் நின்றபடியே போனில் எழுதுவாள். ஒரே வாய் சொன்னதை எழுத மாட்டாள், இன்னொரு வாயைத் தேடிப் போவாள். ஒரு கையில் செய்தி, ஒரு கையில் கத்தரிக்காய். கணக்கியல் பாடத்துக்கு மூன்றாவது கை வேண்டும், அது அவளிடம் இல்லை.

பின்வாசல் நடத்துவது அவள்தான் என்று அவளையும் அறைத்தோழியையும் தவிர யாருக்கும் தெரியாது. தோழி தடித்த கண்ணாடி போட்டவள், அதனால் எல்லாருக்கும் அவள் கண்ணாடி.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பக்கத்துக் கட்டடத்தில் மின்கசிவு ஆகி, ஹாஸ்டல் நடைபாதை முழுக்கப் புகை வந்தது. தீ பரவவில்லை. ஆனால் எல்லாரும் ஒரே படிக்கட்டில் முண்டியடித்து இறங்கினார்கள், ஒருத்திக்குக் கால் பிசகியது. பின்பக்கம் இன்னொரு படிக்கட்டு இருப்பதாகச் சொன்னார்கள். எங்கே என்று யாரும் பார்த்ததில்லை.

பார்த்திருந்தவர் மூன்றாவது மாடியைக் கூட்டித் துடைக்கும் அக்கா. அந்தப் படிக்கட்டுக்கு வழி அவர் வாளியும் துடைப்பமும் வைக்கும் அறைக்குள்ளே இருந்தது. அந்த அறைச் சாவி ஒரு கயிற்றில் கோத்து எப்போதும் அவர் இடுப்பில் செருகியிருக்கும். தூங்குமூஞ்சியும் அவரும் சாயங்காலம் ஒன்றாக டீ குடிக்கிறவர்கள். அவள் கேட்டதும் அக்கா டம்ளரைக் கீழே வைத்தார்.

"அன்னிக்குப் புகையில நானும்தான் மாட்டிக்கிட்டேன் பாப்பா. எனக்கு மட்டும் றெக்கையா இருக்கு? வா, ஒரு நிமிஷம்தான்."

உள்ளே போனால் படிகள் முழுக்க உடைந்த கட்டில்கள். அதைத் தாண்டிக் கீழே எட்டிப் பார்த்தால் இரும்புக் கதவில் கட்டைவிரல் பருமன் சங்கிலி, அதில் துருப்பிடித்த பூட்டு. அக்கா ஒரு கட்டிலைத் தூக்கிப் பிடிக்க, அவள் படம் எடுத்தாள்.

எழுதும்போது ரொம்பக் கவனமாகத்தான் இருந்தாள். படத்தின் ஓரத்தில் தெரிந்த அக்காவின் கையையும் வளையலையும் வெட்டினாள். போனில் எடுத்த படத்துக்குள் எந்த இடம், எந்த நேரம், எந்த போன் என்பதெல்லாம் ஒளிந்திருக்கும் என்று எங்கோ படித்திருந்தாள். அதனால் மூலப் படத்தைப் போடாமல், திரையில் அதைத் திறந்து வைத்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதைப் போட்டாள். தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது.

மறுநாள் மதியம், வகுப்பின் கடைசி பெஞ்சில் கண்ணாடி அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

"அடியே, படத்தோட மேல் ஓரத்தைப் பாரு."

பார்த்தாள். சங்கிலிக்கும் பூட்டுக்கும் மேலே, திரையின் உச்சியில் பச்சை நிறத்தில் ஒரு பட்டை: 'தூங்குமூஞ்சி, உங்கள் கத்தரிக்காய் பறிக்கத் தயார்.'

ஸ்கிரீன்ஷாட் எடுத்த அதே நொடியில் விளையாட்டு அவளைக் கூப்பிட்டிருக்கிறது. கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதான் ஆக வேண்டும் என்பார்கள், இது நேரே கல்லூரி அலுவலகத்துக்கே வந்துவிட்டது.  படத்தை உடனே பின்வாசலிலிருந்து நீக்கினாள். நீக்கி என்ன செய்ய? அதற்குள் அது ஊரெல்லாம் சுற்றி, அவள் போனுக்கே மூன்று பேரிடமிருந்து திரும்பி வந்திருந்தது.

"பேரை மாத்திடு," என்றாள் கண்ணாடி.

மாற்றப் போனாள். பெயரை மாற்றினால் பக்கத்துத் தோட்டக்காரர்கள் அனைவருக்கும் தகவல் போகும் என்று விளையாட்டு மரியாதையாகச் சொன்னது. விளையாட்டையே அழித்துவிடலாம். ஆனால் போன வாரம் பெரிய பூசணிக்காய்க்குப் பரிசு கிடைத்த பெருமையில், சாப்பாட்டு அறையில் போனை நாலு பேரிடம் காட்டியிருந்தாள். பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று தெரிந்திருந்தும், சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக் காட்டினாள். அந்த நாலு பேரும் நல்லவர்கள்தான். நல்லவர்களுக்கும் வாய் இருக்கிறதே.

அன்றிலிருந்து அவளுக்கு எதைக் கண்டாலும் பயம். நடைபாதையில் யாராவது சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் என்று நினைத்தாள். கதவு தட்டினால் போர்வைக்குள் புகுந்துகொண்டாள். தோட்டத்தைத் திறக்கவும் பயம், திறக்காமல் இருக்கவும் பயம். திறந்தால் தூங்குமூஞ்சி இப்போது போனும் கையுமாக இருக்கிறாள் என்று எல்லாருக்கும் காட்டும். திறக்காவிட்டால் செடி வாடும்; நேற்றுவரை ஒரு இலை வாட விடாதவள் இன்று ஏன் ஒளிகிறாள் என்று கேட்பார்கள். பேசாமல் போனைத் தலையணைக்குள் திணித்துவிட்டு அதன்மேல் படுத்துக்கொண்டாள். தூக்கத்துக்குப் பேர்போனவளுக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த நாள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். பூட்டிய அறையை வெளியாளுக்குத் திறந்துவிட்டவர் யார் என்று விசாரணை நடக்கும், திறந்துவிட்ட ஊழியர் வேலையிலிருந்து நீக்கப்படுவார். படம் பொய் என்று அதில் இல்லை. சங்கிலியை எடுப்போம் என்றும் இல்லை.

அதுவரை தன்னைக் கல்லூரியை விட்டு அனுப்பிவிடுவார்கள், அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் பயந்துகொண்டிருந்தாள். இப்போதுதான் கணக்கு வேறு என்று புரிந்தது. அவளைக் கண்டுபிடிப்பது அவளுக்காக இல்லை. அறை அக்காவுடையது என்று அவர்களுக்குத் தெரியும், அவரே திறந்துவிட்டார் என்பதற்குத்தான் ஆதாரம் வேண்டும்; தூங்குமூஞ்சி யார் என்று தெரிந்து, அவள் யாரோடு டீ குடிக்கிறாள் என்று பார்த்தால் அதுவும் கிடைத்துவிடும்.

மாடிக்கு ஓடினாள். அக்கா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாப்பா, பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

"அக்கா, தாளைப் படிச்சீங்களா?"

"படிச்சுச் சொன்னாங்க. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டிருக்காங்க." துடைக்கும் துணியை வாளியில் முக்கிப் பிழிந்தார். "நீ பேசாம இரு. படிக்கிற பொண்ணு. எனக்கென்ன, வேற மாடி, வேற வாளி."

அவர் சொன்ன விதம் சாதாரணமாகத்தான் இருந்தது. பிழிந்த துணியையே திரும்பத் திரும்பப் பிழிந்துகொண்டிருந்ததைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

அக்காவைக் கூப்பிடும் முன்பே அவள் துணை வார்டன் அறை வாசலில் நின்றாள். துணை வார்டனுக்கு ஹாஸ்டலில் முட்டைக்கண் என்று பெயர். பார்வையிலேயே பொய்யை உரித்துவிடுவார் என்பார்கள். வாசல்படி தடுக்கியது. உள்ளே போய்ச் சொல்லவேண்டியதை ஒரே மூச்சில் சொன்னாள்.

"மேடம், அந்தப் படம் நான் எடுத்தது. பின்வாசல்ல எழுதறதும் நான்தான். சாவி சுவத்துல ஆணியில தொங்கிட்டு இருந்துச்சு. அக்கா தண்ணி பிடிக்கப் போன நேரத்துல நானே எடுத்துட்டேன். அவங்களுக்குத் தெரியாது."

இரண்டு வாய் சொல்லாமல் ஒரு வரி எழுதாதவள். தன் வாயால் சொன்ன ஒரே பொய்யை இந்த உலகத்திலேயே பொய் சொல்ல மிகக் கடினமான ஆளிடம் சொல்லியிருந்தாள். 

துணை வார்டன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீதானா தூங்குமூஞ்சி," என்றார்.

அப்போது மேஜைமேல் இருந்த அவர் போன் "ம்மா" என்று கத்தியது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். தோட்ட விளையாட்டில் மாடு வைத்திருப்பவர்களுக்குப் பால் கறக்கும் நேரம் வந்தால் கேட்கும் சத்தம். துணை வார்டன் போனைக் கவிழ்த்து வைத்தார். முகத்தில் முதல் தடவையாக ஒரு தடுமாற்றம்.

"ரெண்டு நாளா உன் தோட்டம் காஞ்சு கிடக்கு. நான்தான் தண்ணி ஊத்தினேன்," என்றார் பால்காரி.

 நன்றி என்று சொல்ல இது இடமா?

"சாவி ஆணியில தொங்காது. அவ இடுப்புலதான் இருக்கும். தினம் பாக்கறேன்."

 எல்லாம் முடிந்தது என்று தூங்குமூஞ்சி நினைத்தாள். தன்னால் அக்காவையும் காப்பாற்ற முடியவில்லை, தன்னையும் காப்பாற்ற முடியவில்லை. 

துணை வார்டன் பேனாவைத் திறந்தார். 

"நானும் அந்த மூணாவது மாடியிலதான் தூங்கறேன். ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், சங்கிலிய எடுங்கன்னு. அப்புறம் சொல்லல. எனக்கும் வேலை வேணுமில்ல." தலையைத் தூக்காமல் எழுத ஆரம்பித்தார். "சாவி எங்க இருந்துச்சுன்னு சொன்ன?"

"ஆணியில, மேடம்." 

"ஆணியில," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "உன்னை ஒரு மாசம் ஹாஸ்டலை விட்டு வெளிய போகச் சொல்லுவாங்க. வீட்டுக்கும் போன் போகும். அதுல நான் ஒண்ணும் பண்ண முடியாது. போ, கீழ போய் டீ குடி. உடனே மேல போகாத."

கீழே போனாள். டீயை வாங்கினாள், குடிக்க முடியவில்லை. அண்ணனுக்குப் போன் செய்து அப்பாவிடம் சொல்லச் சொல்லலாமா, தானே சொல்லலாமா என்று யோசித்ததில் டீ ஆறிப்போனது. முட்டைக்கண்ணை எவ்வளவு நம்பலாம் என்றும் தெரியவில்லை. எழுதியதை நாளைக்கு மாற்றி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? விசாரிக்க மாடிக்கு ஆள் அனுப்பினால் என்ன ஆகும்? சுவரைப் பார்த்தாலே பொய் தெரிந்துவிடுமே. அந்த நினைப்பு வந்ததும் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

மூன்றாவது மாடிக்கு ஏறும்போதே டொக் டொக் என்று சத்தம் கேட்டது. அக்கா ஸ்டூல்மேல் நின்று, அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். சுத்தியலுக்குப் பதில் கையில் அம்மிக்குழவி போல ஏதோ ஒரு கல். வெள்ளைச் சுவரில் பெயர்ந்த சுண்ணாம்பு அவர் தலையிலெல்லாம் விழுந்திருந்தது.

"வார்டனம்மா இப்பத்தான் வந்து சொல்லிட்டுப் போனாங்க பாப்பா," என்றார் அக்கா, இறங்காமலே. "சாவி இந்த ஆணியிலதான் ரொம்ப நாளா தொங்குதாம். எனக்குத்தான் ஞாபகம் இல்லையாம்."

இடுப்பிலிருந்து கயிற்றை உருவி, சாவியை ஆணியில் மாட்டினார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, ஆணி புதுசாகத் தெரியாமல் இருக்க அதன்மேல் அழுக்குத் துணியால் நன்றாகத் தேய்க்க ஆரம்பித்தார்.