எங்கள் ஊர் ஸ்கேன் டாக்டர்

எங்கள் ஊர் டாக்டர் இன்று விடியற்காலை போய்விட்டார். தூக்கத்திலேயே... மாரடைப்பு என்கிறார்கள்.

உடுமலைப் பக்கம் இருப்பவர்களுக்கு "ஸ்கேன் டாக்டர்" என்றால்தான் தெரியும். வயிற்று வலி என்று யார் போனாலும் முதலில் ஸ்கேனுக்குச் சீட்டு எழுதிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

"ஸ்கேன் சென்டர்காரங்ககிட்ட கமிஷன் வாங்கறாருங்க" என்று பேக்கரியில் டீ குடிக்கும்போது சொல்லாத ஆள் இல்லை.

கமிஷன் எல்லாம் இல்லை. காரணம் எனக்குத் தெரியும். இத்தனை வருடம் வாயைத் திறக்கவில்லை... இனி சொன்னால் அவர் கோபித்துக்கொள்ள முடியாது.

என் அம்மாவை இதைப் படிக்கிற பலருக்குத் தெரிந்திருக்காது. தேங்காய்க் களம் வைத்திருந்தார். களத்தில் ஆட்களை விரட்டி வேலை வாங்குகிறவர், டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் அப்படியே பம்மிவிடுவார்.

வயிற்று வலி என்று அழைத்துப் போனேன். "எப்படிங்கம்மா இருக்குது வலி?" என்று டாக்டர் கேட்டார்.

"பரவால்லீங்க டாக்டர். வெளிய இத்தன பேரு காத்துட்டு இருக்காங்க... எனக்குச் சும்மா கேஸ் டிரபிள்தானுங்க."

என்ன நோய் என்பதையும் அம்மாவே சொல்லி முடித்துவிட்டார். டாக்டரும் கேஸ் மாத்திரை எழுதினார்.

அடுத்த மாதம் மறுபடி போனோம். இந்த முறை டாக்டருக்குக் கொடுக்க ஒரு பை முருங்கைக்காயும் கூட. பத்துக்கு எவ்வளவு வலி, ஒரு நம்பர் சொல்லுங்கம்மா என்றார் டாக்டர்.

"நீங்களே பாத்து ஒண்ணு போட்டுக்கங்க."

மூன்று பேரும் சிரித்தோம். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது, என்ன செய்ய. மறுபடி கேஸ் மாத்திரை.

அம்மா இளைத்து ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று ஆன பிறகுதான் கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். கணையத்தில் கேன்சர்... ஈரலுக்கும் போய்விட்டது என்றார்கள்.

ஆடியில் கண்டுபிடித்தார்கள். ஆவணியில் அம்மா இல்லை.

எப்படி, எப்போதிருந்து, முன்னாடியே தெரிந்திருக்காதா... அங்கே கண்ணில் பட்ட டாக்டரை எல்லாம் கேட்டேன். "ஏன் இவ்வளவு லேட்டா கூட்டிட்டு வந்தீங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள் நேராக எங்கள் டாக்டரிடம் போனேன். "வேண்டாம்க்கா, உடு. நாலு பேரு பாப்பாங்க" என்றான் தம்பி.

என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், சண்டை என்று கிளம்பினால் பாதியில் திரும்புகிற ஆள் இல்லை நான். டோக்கன் வாங்கி, ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"மாசக்கணக்கா கேஸ் மாத்திரை குடுத்தீங்களே டாக்டர்..."

'உங்கம்மாவே அப்படித்தானே சொன்னாங்க' என்று ஆரம்பிப்பார் என எதிர்பார்த்தேன். அதற்கும் ஒரு பதில் கைவசம் வைத்திருந்தேன். அவர் அதைச் சொல்லவே இல்லை.

"ஆமாங்க அம்மணி. ரெண்டாவது தடவை வந்தப்பவே நான் ஸ்கேனுக்கு அனுப்பியிருக்கோணும். உட்டுப்போட்டேன். நான் பண்ணுன தப்புதானுங்க."

"அனுப்பியிருந்தா அம்மா பொழச்சிருப்பாங்களா?"



"தெரியலீங்க. இந்த நோவு வெளிய தெரியறப்பவே பெரும்பாலும் முத்திப்போயிருக்கும். பொழச்சிருப்பாங்கன்னும் சொல்ல முடியாது, மாட்டாங்கன்னும் சொல்ல முடியாது. ஆனா அதச் சாக்கா வெச்சு நான் தப்பிச்சுக்கக் கூடாதுங்க."

சேர்த்து வைத்த வார்த்தை ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போய்விட்டது. அம்மா போன பிறகு அன்றைக்குத்தான் நன்றாக அழுதேன். வெளியே டோக்கன்காரர்கள் சத்தம் போட ஆரம்பித்தும் அவர் என்னை எழுந்திருக்கச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன். தம்பி ஒரு மாதிரி பார்த்தான்.

இந்த ஸ்கேன் சீட்டு எல்லாம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ஊர்க்காரர்கள் "ஸ்கேன் டாக்டர்" என்று பேர் வைத்தது அதற்கும் பிறகு.

ஒருநாள் கேட்டே விட்டேன். "ஏனுங்க டாக்டர், ஊரே கமிஷன்னு பேசுது. காரணத்தச் சொன்னா என்னங்க?"

"அது உங்க ஊட்டு சமாச்சாரமுங்க, நான் ஊருக்குச் சொல்லப்படாது. பேசறவங்க பேசட்டும்... ஸ்கேன் எடுத்துட்டு வந்தாச் செரி."

போன வருடம் எனக்கே வயிற்று வலி. நான் உட்காருவதற்கு முன்னால் சீட்டு ரெடி.

ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்துவிட்டு, "உங்களுக்கு நெசமாலுமே கேஸ்தானுங்க அம்மணி" என்றார். அப்படி ஒரு சந்தோஷம் அந்த முகத்தில். நாங்கள் சிரித்த சிரிப்பில் கம்பவுண்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இன்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். நல்ல கூட்டம். வந்தவர்களுக்குக் காபி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், நான் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"வவுத்து வலின்னு வந்தேனுங்க. ஸ்கேன் எதுக்குன்னு டாக்டருகூடச் சண்டை போட்டுட்டுத்தான் போனேன். கட்டி சின்னதா இருக்கறப்பவே எடுத்துப்போட்டாங்க. இப்ப நல்லா இருக்கேனுங்க."

பிறகு கேட்டார்... "நீங்க டாக்டருக்கு என்ன வேணுமுங்க?"

"எங்கம்மாவ இவருதான் பாத்தாருங்க."

"குடுத்து வெச்சவங்க" என்று சொல்லி டம்ளரை என் கையில் கொடுத்தார்.

"ஆமாங்க" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

நல்லபடியாப் போய்ச் சேருங்க டாக்டர்.