பட்டுப்புடவையில் சொன்ன புகார்

மூலக்குளத்தில் ஒரு கான்ட்ராக்டர் கட்டி விற்ற வீட்டை வாங்கினோம். முதல் மழைக்கே சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல் விட்டது. குழந்தையின் தூளிக்குப் பக்கத்தில் கூரைக் காரை பெயர்ந்து விழுந்தது. கான்ட்ராக்டர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. டி.வி.க்கு எழுதிப் போட்டோம். படமெடுக்க வருவதாகப் பதில் வந்தது.

"ஊரே பாக்கப்போவுது, வூடு இப்படியா கெடக்கும்?" என்றார் மாமியார். எனக்கும் அது சரியென்றே பட்டது. அவர்கள் வருவதற்கு முதல் நாளே விரிசலைச் சிமென்ட் வைத்து அடைத்து, பொங்கலுக்கு அடிப்பதுபோல் வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தோம்.

வந்த நிருபர் சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "விரிசல் எங்கம்மா?"

"நீங்க வர்றீங்கன்னு நேத்துதான் பூசினோம் சார்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

தெருவில் டி.வி. இருந்த ஒரே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். வெள்ளைவெளேரென்ற சுவருக்கு முன்னால், கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, வீடு இடிகிறது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாரோ சிரித்தார்கள்.

மறுநாள் கான்ட்ராக்டரே வந்தான். "இன்னாம்மா, மாளிகையாட்டம் இருக்குது. இன்னா கொறைச்சல்?" பிறகு விசாரிக்க வந்த அதிகாரியும் அதையேதான் கேட்டார். அடுத்த மழையில் அதே இடம் பிளந்தது. அப்போது கேட்க நாதியில்லை.

இப்போதெல்லாம் வீட்டுக்கு யார் வந்தாலும், தண்ணீர் கொடுக்கும் முன்பே விரிசலைக் காட்டிவிடுகிறேன். பொங்கலுக்கு மற்றச் சுவர்களுக்கெல்லாம் வெள்ளையடிப்போம். அந்த ஒரு சுவரில் மட்டும் சுண்ணாம்பு மட்டையைப் படவிடுவதில்லை.