எங்களைக் கேக்கலீங்க

என் பன்னிரண்டாவது வயதில் மாமா என் தலையில் ஒரு கிரீடம் வைத்தார். கம்ப்யூட்டரில்தான்.

நான் பெரிய பெண்ணாகிச் சில நாட்கள் ஆகியிருந்தன. எங்கள் பக்கம் அதற்குத் தெரட்டிச் சீர் என்று விசேஷம் வைப்பார்கள். தாய்மாமன் தட்டு வரிசையோடு வருவார், சொந்தபந்தம் கூடும், விருந்து நடக்கும். அதுவரைக்கும் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. புதுத் துணியும் பள்ளிக்கு லீவும் யாருக்குக் கசக்கும்? ஆனால் அம்மாவின் தம்பியான மாமா அந்த வருடம்தான் பனியன் துணிக்குப் பிரிண்ட் அடிக்கும் யூனிட் ஒன்றைச் சொந்தமாகத் தொடங்கியிருந்தார். ஊருக்குத் தெரிவிக்க வேண்டிய செய்திகள் அவரிடம் இரண்டு இருந்தன. ஒன்று, அக்கா மகள் பெரிய மனுஷி ஆகிவிட்டாள். இரண்டு, அவர் முதலாளி ஆகிவிட்டார். இரண்டையும் ஒரே ஃப்ளெக்ஸ் பேனரில் முடித்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது.

பேனரின் மாதிரியைக் கலரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். நடுவில் நான், ஏதோ ஒரு கல்யாணத்தில் எடுத்த பட்டுப்பாவாடைப் படம். தலையில் தங்கக் கிரீடம். பின்னால் ஒரு அருவி, அதன் கீழே இரண்டு அன்னப் பறவைகள். எனக்கு வலப்பக்கம் மாமா கும்பிட்டபடி நின்றார், என்னைவிட ஒரு மடங்கு பெரிதாக. சுற்றிலும் முட்டை வடிவக் கட்டங்களுக்குள் சொந்தக்காரர்களின் தலைகள்.

அதை நிறுத்த அவர் தேர்ந்தெடுத்த இடம் எங்கள் பள்ளி வேன் திரும்பும் முக்கு. அந்த முக்கில் வேன் ரொம்ப மெதுவாகத்தான் திரும்பும். வேனுக்குள் என் வகுப்புப் பையன்கள் ஆறேழு பேர் இருப்பார்கள். என் உடம்பில் நடந்ததை நான் அம்மாவிடம் மட்டும், அதுவும் அழுதுகொண்டே சொல்லியிருந்தேன். அது இப்போது அருவியோடும் அன்னத்தோடும் ரோட்டில் நிற்கப் போகிறது.

அம்மாவிடம் வேண்டாம் என்றேன். "மாமன் ஆசைப்படறாரு கண்ணு" என்றார் அம்மா. அப்பாவிடம் சொன்னேன், அண்ணனைக் கேட்டுக்கொள்ளச் சொன்னார். அந்த அண்ணன், அதாவது எங்கள் பெரியப்பா, வீட்டுக்கும் எங்கள் பனியன் கம்பெனிக்கும் தலைவர். அவர் என் தலையைத் தடவி, "அதையெல்லாம் பெரியவங்க பேசிக்குவாங்க கண்ணு, நீ போய் வெளையாடு" என்றார். நான் பெரியவளாகிவிட்டேன் என்பதற்குத்தான் சீரே என்பதை அவருக்கு ஞாபகப்படுத்தத் தோன்றியது. தைரியம் வரவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே எதிர்ப்பு முறை எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் இருந்தது. அங்கேதான் கம்பெனியின் செக்கிங் நடக்கும். தைத்து வந்த பீஸை மேஜையில் விரித்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் என்று எங்கே பழுது தெரிகிறதோ அங்கே அம்புக்குறி போட்ட சின்ன சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். லீவு நாட்களில் நானும் ஒட்டியிருக்கிறேன். பழுதை வரிசைப்படுத்துவதில் எனக்கு அப்போதே ஒரு சுகம் உண்டு. இன்று அதற்கே படித்து, அதையே வேலையாகச் செய்கிறேன்.

பேனர் மாதிரியில் கிரீடத்துக்கு ஒன்று, அருவிக்கு ஒன்று, அன்னங்களுக்கு ஆளுக்கு ஒன்று என்று அம்பு ஒட்டி மாமாவிடம் கொடுத்தேன். அவர் உற்றுப் பார்த்தார்.

"அட, நம்ம அம்மிணி செக்கிங் பண்ணியிருக்குதே! சரியாத்தான் சொல்றே. கிரீடம் கொஞ்சம் சாஞ்சாப்பல இருக்குது. ஆல்டர் பண்ணச் சொல்லிரலாம்."

இரண்டு நாளில் புது மாதிரி வந்தது. கிரீடம் நிமிர்ந்திருந்தது. அன்னங்கள் நான்காகியிருந்தன.

அம்பு ஒட்டினால் பழுதைத்தான் சரிசெய்வார்கள், பீஸை நிறுத்த மாட்டார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. வேறு முறை வேண்டும். அது மொட்டை மாடியில் கிடைத்தது.

மொட்டை மாடியில் அக்கா நடந்துகொண்டிருந்தாள். பெரியப்பாவின் மகள். கல்லூரியில் ஆங்கில இலக்கியம், கடைசி வருடம். காயப்போட்ட துணிகளுக்கு நடுவே நோட்ஸும் கையுமாக நடந்தால்தான் அவளுக்கு மனப்பாடம் ஆகும். அந்த வாரம் முழுக்க ஒரே கேள்வியில் நின்றுகொண்டிருந்தாள். அமெரிக்காவின் தொடக்ககால எழுத்தாளர்கள் தங்கள் நடையாலும் உத்தியாலும் வாசகரை எப்படி ஈர்த்தார்கள்? பதினைந்து மார்க், கட்டாயம் வரும் என்று அவள் கல்லூரியில் பேச்சு.

நான் கொடியில் தொங்கிய போர்வைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டேன். ஆங்கிலத்தில் ஒப்பிப்பாள், பிறகு எனக்காகத் தமிழில் சொல்வாள்.

"படிக்கறவங்க யாரு? பகலெல்லாம் காட்டு வேலை செஞ்சு களைச்சுப் போனவங்க. கடினமா எழுதுனா தூங்கிருவாங்க. அவங்களைத் தூங்க உடாம எழுதணும். அதான் கண்ணு கேள்வியே."

அதனால் எளிய சொல். அதனால் படிப்பவரை நேராக 'நீங்கள்' என்று கூப்பிடுவது. பிரசங்கம் செய்தவர்கள் நரகத்தை எங்கோ காட்டாமல் கேட்பவர் வீட்டு அடுப்புக்குப் பக்கத்தில் காட்டினார்களாம். கடல் தாண்டி இருந்த ராஜாவை எதிர்த்தவர்கள் அவர் செய்த குற்றங்களை வரிசையாக எழுதினார்களாம், ஒவ்வொரு வரியும் ஒரே மாதிரி தொடங்கும்படி. எனக்கு உடனே அவர்களைப் பிடித்துவிட்டது. பட்டியல் போட்டு நாடு வாங்கியவர்கள்!

"ஏனக்கா ஒரே மாதிரி எழுதோணும்? சலிக்காதா?"

"சலிக்காது. நாலு வரி தாண்டுனா, அடுத்தது எப்படி வரும்னு படிக்கறவனுக்கே தெரிஞ்சிரும். அவன் வாயும் கூடவே அசையும். அப்பறம் அது எழுதுனவன் சொன்னதில்லை, அவனே சொன்னதாயிரும்."

இன்னொன்றும் சொன்னாள். அடிமைகளாக விற்கப்பட்டவர்களும் எழுதினார்கள். அவர்கள் திட்டி எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். அதனால் மிக மிகப் பணிவாக எழுதினார்கள். அந்தப் பணிவைப் படிக்கப் படிக்க, படிப்பவருக்குத்தான் உறுத்தும்.

"நம்மூர்ல 'ங்க' போட்டுச் சண்டை போடறாப்பலயா?" என்றேன்.

அக்கா நடப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "அடிப்பாவி. இதைப் பரீச்சையில எழுதுனா முழு மார்க்கு."

அன்றே எழுதத் தொடங்கினேன், ஆங்கிலத்தில். அமெரிக்க முறை ஆங்கிலத்தில்தான் வேலை செய்யும் என்று நினைத்திருந்தேன். அக்கா வாங்கிப் பார்த்தாள்.

"இது யாரு படிக்கறதுக்கு?"

"மாமா."

"மாமா இங்கிலீஷ்ல என்ன படிப்பாரு?"

யோசித்தேன். "மெஷின் மேல எழுதியிருக்கறதை."

"அப்பறம்?"

கிழித்துவிட்டு, நாங்கள் வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதினேன். 'நான்' என்று எழுதாமல் 'நாங்க' என்று எழுதினேன். அப்படி எழுதினால் படிப்பவருக்கு ஒரு கூட்டமே கேட்கிற மாதிரி இருக்கும் என்று நோட்ஸில் இருந்தது. அந்த வீட்டில் பெண் பிள்ளைகள் என்றால் நானும் அக்காவும் மட்டும்தான் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏழு குற்றங்கள் வந்தன. சரிபார்த்துவிட்டு அக்கா என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டாள்.

"உனக்குத்தான் சீர் எப்பவோ முடிஞ்சுதே, நீ எதுக்கு?"

"நாங்கன்னு எழுதிட்டு ஒரே கையெழுத்து இருந்தா நல்லாருக்குமா?"

நியாயம்தான். உத்தியை முழுமையாகக் கடைப்பிடிக்கிறாள் என்று பாராட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சீருக்கு நாள் பேச மாமா வந்தார், கூடச் சில சொந்தக்காரர்களும். ஆபீஸ் ஜெராக்ஸ் மெஷினில் பிரதிகள் எடுத்து, இலைக்கு ஒன்றாகப் பக்கத்தில் வைத்தேன். பந்தியில் உட்கார்ந்தவர்கள் அதைச் சாப்பாட்டு விஷயமாகவே எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் அதன்மேல் பாயச டம்ளரை வைத்தார். ஒருவர் விசிறிக்கொண்டார். பெரியப்பா தூரத்தில் நீட்டிப் பிடித்துப் பார்த்தார்.

"கண்ணாடி மாடியில இருக்குது. என்னன்னு யாராச்சும் படிங்க."

நான் எழுந்தேன். எல்லாரும் என்னைப் பார்த்ததும் மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன். பரிமாறிக்கொண்டிருந்த அக்கா பாயசத் தூக்கைக் கீழே வைத்துவிட்டுத் தாளை எடுத்தாள்.

"பெரியவங்க எல்லாருக்கும் வணக்கமுங்க. நாங்க இந்த ஊட்டுப் புள்ளைங்க. நீங்க எங்களுக்குச் சீர் வெக்கறதுன்னு பேசுனீங்க, எங்களைக் கேக்கலீங்க. நீங்க எங்க போட்டோவை எடுத்து பேனர்ல போட்டீங்க, எங்களைக் கேக்கலீங்க."

மாமா குலுங்கிச் சிரித்தார். "மச்சான், உங்க ஊட்டுல யூனியன் ஆரம்பிச்சுட்டாங்க!"

"நீங்க எங்க தலையில கிரீடம் வெச்சீங்க, எங்களைக் கேக்கலீங்க. நீங்க எங்களைச் சுத்தி அன்னம் உட்டீங்க..."

"கேக்கலீங்க!" என்றார் மாமா. பந்தி முழுக்கச் சிரிப்பு.

"நீங்க அந்த பேனரை எங்க ஸ்கூல் வேன் திரும்பற முக்குல வெக்கறதுன்னு முடிவு பண்ணுனீங்க..."

"கேக்கலீங்க!" இந்தத் தடவை நான்கைந்து குரல்கள். எனக்கு ஒரு பக்கம் அவமானமாக இருந்தது, இன்னொரு பக்கம் நோட்ஸில் சொன்னபடியே வாய்கள் அசைவது தெரிந்தது.

"நீங்க எங்களைப் பெரிய மனுஷின்னு சொல்லிட்டு, அன்னைக்கே போய் வெளையாடச் சொன்னீங்க..."

அம்மாவும் பெரியம்மாவும் சமையலறை வாசலில் வந்து நின்றார்கள். "கேக்கலீங்க" என்று அங்கிருந்தும் ஒரு குரல் வந்தது. யாருடையது என்று தெரியவில்லை.

"நீங்க எங்க சீர் பேனர்ல, எங்களை விட உங்க போட்டோவைப் பெருசாப் போட்டீங்க..."

பெரியப்பா தொடையில் தட்டிச் சிரித்து, எல்லாரையும் விட உரக்கச் சொன்னார். "கேக்கலீங்க!"

அது ஏழாவது. கடைசி. அக்கா தாளை மடித்துவிட்டாள். ஆனால் உட்காரவில்லை. அதே குரலில், அதே வேகத்தில், தாள் இல்லாமல் சொன்னாள்.

"நீங்க வர்ற வெள்ளிக்கிழமை என்னைப் பொண்ணு பாக்க ஆளுங்களை வரச் சொன்னீங்க..."

"கேக்கலீங்க!" என்றார் பெரியப்பா, சிரிப்பு இன்னும் அடங்காமல். மாமாவும் சொன்னார்.

பிறகு ஒருவர், வாய்க்குக் கொண்டுபோன பாயச டம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

பெரியப்பா துண்டால் வாயைத் துடைத்தார். ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. மறுபடியும் துடைத்தார். அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள், அவரை நேராகப் பார்த்தபடி. அந்த வீட்டில் அவரை அப்படிப் பார்த்துக்கொண்டு யாரும் நின்றதில்லை.

"பரீச்சை எப்ப முடியுது?" என்றார் கடைசியில்.

"அடுத்த மாசமுங்கப்பா."

"அப்பறம்?"

"மேல படிக்கணுமுங்க."

"ம்" என்று சொல்லிவிட்டு, இலையை மடித்துக் கை கழுவப் போனார்.

மாமா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். அவர் குரல் பாதியாகியிருந்தது. "ஏன் அம்மிணி, அன்னத்தை எடுத்துட்டா போதுமா?"

"போதாதுங்க மாமா. பேனரே வேண்டாமுங்க."

"போட்டோவைச் சின்னதாக்கிட்டா?"

"வேண்டாமுங்க."

சீர் வீட்டுக்குள்ளேயே நடந்தது. முக்கில் எதுவும் நிற்கவில்லை, வேன் வழக்கம்போல மெதுவாகத் திரும்பியது. அந்த நான்கு அன்னங்களையும் பிறகு மாமாவின் யூனிட் ஆண்டுவிழா பேனரில் பார்த்தேன், அவரைச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தன.

வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை. பரீட்சை நேரம், அதனால் தள்ளிப்போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா எம்.ஏ. சேர்ந்தாள். அதற்கும் அந்தச் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்கு வெகுநாள் தோன்றவே இல்லை. வென்றது என்னுடைய ஏழு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பதினைந்து மார்க் கேள்வி பரீட்சைக்கு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பந்தி கலைந்ததும் அக்காவைத் தேடிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். நியாயம் கேட்கத்தான். அவள் ஜன்னல் ஓரமாக, யாரோ குடிக்காமல் விட்ட பாயச டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நாம ஏழுதானே எழுதுனோம்?" என்றேன். "நீ எட்டாக்கிட்டே. அது பேனரைப் பத்தியே இல்லை. எல்லாரும் நல்லாச் சிரிச்சிட்டிருந்தாங்க, நீ சொன்னதும் நிறுத்திட்டாங்க. அதுவும் கடைசி வரியைப் பாதியில உட்டுட்டே. அப்படி உடச் சொல்லி நோட்ஸ்ல எங்கயுமே இல்லை."

"ஆமாங் கண்ணு" என்றாள் அக்கா. "இல்லைதான்."

டம்ளர் அவள் கையில் நடுங்கிக்கொண்டிருந்தது. விளிம்பில் அவள் மோதிரம் பட்டுச் சின்னதாகச் சத்தம் வந்தது.

"சுடுதாக்கா?" என்று கேட்டேன்.

"ஆமாங் கண்ணு. ரொம்ப."

வாங்கி ஊதிக் கொடுத்தேன். பந்தி தொடங்கும்போதே ஊற்றி வைத்த பாயசம் அது. மேலே ஆடை கட்டியிருந்தது.