ஞாயிற்றுக்கிழமைச் சங்கு

மூன்று வருஷத்துக்கு முன், எண்பத்தெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆவடியில், அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அன்று காலை ஒன்பதரைக்கு அம்பத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வங்கித் தேர்வு. அப்பா ரிட்டயர் ஆக நாலைந்து மாதம்தான் பாக்கி. அதோடு வீட்டைக் காலி செய்ய வேண்டும். இனிப் போகும் வீட்டுக்கு வாடகை என் தலையில்தான்.

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்கிறீர்கள்? குளித்துச் சட்டை மாட்டி, ஹால் டிக்கெட்டைப் பையில் வைத்துவிட்டு, சன்னலோரம் படுத்து அகராதி படித்துக்கொண்டிருந்தேன்!

பழைய புத்தகக் கடையில் வாங்கிய, அட்டை இல்லாத தடித்த ஆங்கில அகராதி. ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்து வந்தது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். அன்று மாட்டியது 'திங்க்'. பழைய ஆங்கிலத்தில் அது இரண்டு சொற்களாம். ஒன்று நினைப்பது, இன்னொன்று தோன்றுவது. 'நினைக்கிறேன்', 'எனக்குத் தோணுது' என்று நாம் தனித்தனியாக வைத்திருப்பதை அவர்கள் ஒரே பாத்திரத்தில் ஊற்றிவிட்டார்கள். அதைவிட ஆச்சரியம், 'தேங்க்ஸ்' அதற்கு உடன்பிறப்பாம். ஆதியில் அதற்கும் நினைப்பு என்றுதான் பொருள். பிறகு நல்ல நினைப்பு. அப்புறம்தான் நன்றி.

நினைப்புக்கும் நன்றிக்கும் என்ன உறவு? மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தபடி கிடந்தேன். வெயில் தரையில் மெல்ல நகர்ந்தது. எட்டு மணிச் சங்கு ஊதட்டும், கிளம்பலாம்.

எங்கள் வீட்டுக் கடிகாரம் நின்று பல மாதம். யாரும் கவலைப்படவில்லை. குவார்ட்டர்ஸுக்கே தொழிற்சாலைச் சங்குதான் கடிகாரம். அப்பாவும் அம்மாவும் ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். இருந்த ஒரே வாட்ச்சும் அப்பாவின் கையோடு போய்விட்டது.

வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுத் திருநெல்வேலி அத்தையிடம், "இன்னும் சங்கு ஊதலையா அத்தை?" என்றேன்.

"ஏல கிறுக்குப் பயலே! ஞாயித்துக்கெழம எவம்லே சங்கு ஊதுவான்? மணி ஒம்போது ஆவப்போவுது!"

ஓடினேன். மெயின் ரோட்டில் பஸ் இல்லை. வருகிற வண்டிக்கெல்லாம் கை காட்டினேன். ஒரு பழைய வேன் நின்றது.

"இன்னா நைனா, இப்டி மூச்சு வாங்குது? எங்க போவணும்?" என்றார் டிரைவர்.

"அம்பத்தூர்... பரீட்சைண்ணே..."

"ஏறு, ஏறு. டேய், அந்தக் கொழல நவுத்து, தம்பி குந்தட்டும்."

உள்ளே பேண்டு செட். நெமிலிச்சேரிப் பக்கம் கல்யாணத்தில் இரவு வாசித்துவிட்டுத் திரும்புகிறார்கள். சிவப்பு உடுப்பில், தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு எல்லாரும் தூக்கம். வாடிய மல்லிகை வாசனை. பெரிய பித்தளைக் குழலின் வாய்க்குள் சாலையோர மரங்கள் தலைகீழாக மிதந்து போயின. பயத்திலும் எனக்கு அது கனவு மாதிரி இருந்தது.

பள்ளிக்கூடத் தெருவுக்குள் அவர்கள் திரும்ப வேண்டியதே இல்லை. திரும்பினார்கள். தெருமுனையிலிருந்தே தெரிந்தது, வாட்ச்மேன் கேட்டை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

"எழுப்புடா அவன!" என்றார் டிரைவர். தூங்கிக்கொண்டிருந்த டிரம்பெட்காரர் கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காமல் சன்னல் வழியே தலையை நீட்டி ஊதினார் பாருங்கள்! வாட்ச்மேன் திடுக்கிட்டுக் கேட்டை அப்படியே விட்டுவிட்டார். காலையிலிருந்து நான் காத்துக்கிடந்த சங்கு அதுதான்.

"ஓடு நைனா! வேல கெடச்சு கண்ணாலம் கட்டும்போது நம்ம செட்டத்தான் கூப்புடணும், மறந்துடாத!"

ஓடினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேனா மூடியைத் திறக்கும்போதுதான் உறைத்தது, ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை.

வேலை கிடைத்தது. இப்போது அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டில் எனக்குப் பெண் பார்க்கிறார்கள். எந்த பேண்டைக் கூப்பிடுவது? வேனில் பெயர் எழுதியிருந்திருக்கும். கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிற நான் அதை மட்டும் படிக்கவில்லை.

சாயங்காலங்களில் ஏரிக்கு அக்கரையிலிருந்து கல்யாண ஊர்வல டிரம்பெட் காற்றில் வரும். கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டு அந்தச் சிவப்புச் சட்டைக்காரர்களை நினைத்துக்கொண்டு நிற்பேன். சொல்லாமல் விட்ட நன்றியை, அந்த ஆதிப் பொருளிலாவது, இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.