எழுதிக் கொடுக்காத புகார்

நோட்டீஸ் வந்த அன்று மலையில் நல்ல மூடுபனி. தபால்காரர் ஆலை வாசலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். முதல் பக்கத்தை நான் வாசலில் நின்றபடியே படித்தேன். எங்களுக்குச் சாமை உமி நீக்கும் ஆலையை அமைத்துத் தந்த கம்பெனி அனுப்பியிருந்தது. பாக்கியை வட்டியோடு பத்து நாளுக்குள் கட்ட வேண்டும், இல்லையென்றால் எங்கள் கம்பெனியைத் திவால் நடவடிக்கைக்கு உட்படுத்தச் சொல்லித் தீர்ப்பாயத்தில் மனுப் போடுவோம் என்று எழுதியிருந்தார்கள்.

கம்பெனி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஜவ்வாது மலையிலும் அடிவாரத்திலும் சாமை பயிரிடும் பெண்கள் பங்கு போட்டுத் தொடங்கியது. என் ஓரகத்திதான் தலைவர். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். ஆலை அவர் பொறுப்பு. கணக்கு, வங்கி, வரி எல்லாம் என் தலையில். மனு ஏற்கப்பட்டால் தீர்ப்பாயம் நியமிக்கும் யாரோ ஒரு வெளியாள் வந்து ஆலைச் சாவியை வாங்கிக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கு அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

"இன்னா பேப்பரு இது? மிஷினு ஒழுங்கா ஓடுனா காசு குடுக்க மாட்டோமா?" என்றார்.

"ஓடலைன்னு நாம எழுதிக் குடுக்கலியேக்கா."

"எழுதி இன்னாத்துக்குக் குடுக்கணும்? வாயால சொன்னா பத்தாதா?"

எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஒருவர் மேல் குறை இருந்தால் நேரில் பார்த்துப் பேசுவோம், கூப்பிட்டு வைத்துச் சண்டைகூடப் போடுவோம். எழுதிக் கொடுத்துவிட்டால் அது பகை. அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி ஏற முடியாது. இந்தப் பழக்கத்தைக் கம்பெனிக்கும் கொண்டுவந்துவிட்டோம்.

வேலூரில் வக்கீலைப் பார்த்தோம். நோட்டீஸோடு இணைத்திருந்த ஒரு தாளை அவர் எங்கள் பக்கம் தள்ளினார். 'ஆலை திருப்தியாக இயங்குகிறது' என்ற வாசகத்துக்குக் கீழே அக்காவின் கையெழுத்து. பக்கத்தில் குங்குமக் கறை.

ஆலை திறந்த நாளில் போட்டது அது. ராகுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆலையை அமைத்த கம்பெனியின் பொறியாளர் தாளை நீட்டினார். நல்ல நேரத்திலேயே எல்லாம் முடியட்டும் என்று எல்லோருமாகச் சேர்ந்து அவசரப்படுத்த, பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, தாளுக்கும் குங்குமம் வைத்து அக்கா கையெழுத்துப் போட்டார். சாமை மூட்டையை அவிழ்த்ததே அதற்குப் பிறகுதான். அன்றைக்கு விழுந்ததில் பாதி நொய், மீதியில் உமி. பொறியாளர் ஒரு வாரத்தில் சரிசெய்து தருகிறேன் என்றார். அந்த ஒரு வாரம் வரவே இல்லை.

"இந்த நோட்டீஸுக்கு முன்னாடியே தகராறு இருந்துச்சுன்னு நாம காட்டணும். காட்டினா மனு நிக்காது. மெயில் ஏதாவது அனுப்பினீங்களா?" என்றார் வக்கீல்.

"இல்லைங்க."

"பின்ன எப்படித்தான் சொன்னீங்க?"

"திட்டுனேன்," என்றார் அக்கா. "வாட்ஸ்அப்புல."

பங்குதாரப் பெண்களுக்கென்று ஒரு குழு உண்டு. ஆள் எப்போது மலையேறி வருகிறார் என்று எல்லோருக்கும் தெரியட்டும் என்று பொறியாளரையும் அதில் சேர்த்திருந்தோம். அக்காவுக்குத் தட்டச்சு வராது. அத்தனையும் குரல் பதிவுதான். வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கும் உயிர் வந்தது.

அக்கா போனைத் தடவினார், தடவிக்கொண்டே இருந்தார். "போனு ரொம்பிடுச்சுன்னு பெரியவன் எல்லாத்தையும் அழிச்சிட்டாம்மா," என்றார். என் போனில் பதிவுகளின் வரிசை இருந்தது, ஒன்றும் திறக்கவில்லை. அக்காவின் சத்தம் தாங்காமல் நான் மியூட் போட்டு அந்தக் குழுவின் வாயை முதல் மாதமே அடைத்துவிட்டேன். கேட்காமல் விட்டதால் எதுவும் இறங்கவே இல்லை. வண்டியில் ஊர் திரும்பினோம். கண்ணமங்கலத்தில் வாங்கிய டீயை நான் குடிக்காமலே ஊற்றினேன்.

மறுநாள் பங்குதாரர்களின் வீடுகளுக்குப் போனோம். முதல் வீட்டிலேயே அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போனை எடுத்துவந்தார். "அதெல்லாம் அழிக்கலீங்க. களை எடுக்கறப்ப போட்டு விட்டுக் கேப்போம். பொழுது போறதே தெரியாது."

அழுத்தினார். "தம்பி, உன் மிஷினு சாமைய அரைக்குதா, மெல்லுதா? வர்றேன் வர்றேன்னு எத்தினி வாட்டி சொல்லுவ? பேமானி, எங்க வூட்டு சோத்தத்தான துன்ன?" அந்த வீட்டு வாசலில் நின்று நான் அழுதேன். நாள் வாரியாக, மழைக்காலம் முழுக்க, நோட்டீஸ் வருவதற்கு வெகு முன்பிருந்தே அக்காவின் திட்டுகள் பத்திரமாக இருந்தன.

அவற்றை எழுத்தாக்கும் வேலை எனக்கு வந்தது. 'பேமானி'யை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "ஒண்ணைக்கூடத் தொடாதீங்க மேடம். திருத்திட்டோம்னு சொல்லிடுவாங்க," என்றார் வக்கீல். கெடு முடிவதற்குள் பதில் போனது. அப்படியும் அவர்கள் மனுப் போட்டார்கள். அதிலிருந்து தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டாலே கணக்கைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். அக்காவோ எதுவுமே நடக்காத மாதிரி ஆலையில் யாரையாவது அதட்டிக்கொண்டிருப்பார். இவருக்கு விஷயத்தின் கனம் புரியவே இல்லை என்று எனக்குக் கோபமாக வரும்.

விசாரணை காணொளியில். மலையில் சிக்னலை நம்ப முடியாது என்று போளூருக்கு இறங்கி, ஒரு கம்ப்யூட்டர் கடையில் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். எதிர்த்தரப்பு வக்கீல் கையெழுத்திட்ட தாளை எடுத்துக் காட்டினார். தீர்ப்பாய உறுப்பினர் பக்கங்களைப் புரட்டினார். இந்தப் பெண்மணி இத்தனை முறை புகார் சொல்லியிருக்கிறாரே, உங்கள் கட்சிக்காரர் ஒருமுறையாவது மறுத்தாரா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்த வக்கீல் மறுபடியும் கையெழுத்துத் தாளையே காட்டினார். தகராறு முன்பே இருந்திருக்கிறது, மனு தள்ளுபடி என்றார்.

"இன்னா சொல்றாரு?" என்று அக்கா என் முழங்கையைப் பிடித்தார்.

"தள்ளிட்டாங்கக்கா. சாவி நம்மகிட்டதான் இருக்கும். பாக்கிய வேணும்னா அவங்க வேற கோர்ட்டுல கேட்டுக்கணும்."

குதிப்பார் என்று நினைத்தேன். கடைக்காரர் பார்க்கிறார் என்றும் பாராமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"கையெழுத்துப் போட்டது நானு. அவன்கிட்ட காசு வாங்கிக்கினுதான் போட்டேன்னு நம்ம பொம்பளைங்க நெனச்சிட்டா இன்னா பண்றது? அந்த பயத்துலதான் எல்லாரு காதுலயும் வுழற மாதிரி அவன அப்டிக் கத்துனேன். அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லம்மா."

இத்தனை மாதமும் பயந்துகொண்டிருந்தது நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.