அப்பா பெயருக்குப் போடாத பூட்டு

தேவகிதான் அந்த மெயிலை அனுப்பினாள் என்று ஆரணியில் இன்னும் சொல்கிறார்கள். அவள் வேலை பார்த்த பட்டுக்கடையில் புடவை மடித்தவள் நான். நடந்தது எனக்குத் தெரியும்.

கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்துவிட்டு 2004இல் பெரணமல்லூரிலிருந்து பஸ் ஏறி வேலைக்கு வந்தவள் அவள். முதலாளி வேணுகோபாலுக்குக் கம்ப்யூட்டர் பக்கம் போகவே பயம். மலேசியா வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதுவதெல்லாம் அவள்தான். கடைக்கு இணையத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று நடக்கிற கடையுடையது. இன்னொன்று முதலாளியின் அப்பா பரசுராமன் நடத்தி, பாகம் பிரிந்தபின் நின்றுபோன பழைய கடையுடையது. அதை வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதென்று முதலாளி வருஷா வருஷம் புதுப்பித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

2006இல் தேவகி முதல் பெயருக்குப் பூட்டுப் போட்டாள். எந்த சர்வரிலிருந்து வந்தால் அது எங்கள் மெயில் என்று அந்தப் பெயரின் பதிவில் ஒரு வரி எழுதுவதுதான் அந்தப் பூட்டு. பழைய பெயருக்கும் போடவேண்டும் என்றாள்.

"சும்மா கெடக்கிற பேருக்கு எதுக்கும்மா?"

"சும்மா கெடக்கிறதாலதாங்க சார். பாஸ்வேர்டு கூட இல்லாம எவன் வேணா அந்தப் பேர்ல அனுப்பலாம். 'இந்தப் பேர்ல மெயிலே வராது'ன்னு எழுதிட்டா, வாங்குற எடத்துல நம்ப மாட்டாங்க."

எங்கள் வியாபாரிகள் அபசகுனம் என்று கடையை 'மூடு' என்றுகூடச் சொல்லமாட்டார்கள். 'எடுத்து வை' என்பார்கள். முதலாளி முகம் கறுத்துவிட்டது.

"எங்கப்பா பேர்ல இனிமே ஒண்ணும் வராதுன்னு என் கையால எழுதி வைக்கணுமா? வாயைக் கழுவு."

மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் திட்டு வாங்கினாள்.

அடுத்த தையில் பழைய கடையின் பெயரில் மலேசியாவுக்கு மெயில் போயிற்று. எங்கள் கைத்தறிப் புடவை எல்லாம் விசைத்தறியில் நெய்தவை என்று எழுதியிருந்தது. எந்தப் பாவி அனுப்பினானோ. பரசுராமன் பெயரைப் பார்த்ததும் அங்கே நம்பிவிட்டார்கள். 'மெயில் தெரிஞ்சவ அவ ஒருத்திதானே' என்று கடையில் பேச்சு எழுந்தது. முதலாளி மறுக்கவில்லை, அன்றே அவளை அனுப்பிவிட்டார். அதன்பின் ஆரணியில் ஒரு கடையும் அவளை வாசலில் ஏற்றவில்லை.

நாலு மாதம் கழித்து முதலாளி என்னையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார்.

"அந்தப் பூட்டைப் போட்டுக் குடும்மா. எவனோ மறுபடியும் அனுப்பிகினு இருக்கான்."

"அப்போ நான் இல்லைன்னு தெரியுதா சார்?"

"அன்னிக்கே தெரியும்மா."

அவள் குரலை உயர்த்தவில்லை.

"போட்டுத் தர்றேன். கடையில நாலு பேர் எதிர்ல அதைச் சொல்லுங்க."

"அதெல்லாம் எதுக்கும்மா" என்றார் அவர். சொன்னால், அவள் கேட்டதும் தான் மறுத்ததும் வெளியே வரும். தேவகி என் பக்கம் திரும்பினாள்.

"கீதாக்கா, நான் கேட்டப்போ நீங்களும் அங்கதானே இருந்தீங்க? நீங்களாவது சொல்லுங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். எனக்கு அந்தக் கடை வேலை வேண்டியிருந்தது.

"எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் சமாசாரமெல்லாம் ஒண்ணும் தெரியாதும்மா" என்றேன்.