குருவி போட்ட பூட்டு

எங்கள் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பவருக்குக் குருவி என்று பெயர் வைத்தவள் நான்தான். இரண்டே விரலால் கீபோர்டைக் கொத்திக்கொண்டிருப்பார். பேச்சும் அளந்துதான் வரும்.

வைரஸ் தொல்லை தாங்காமல் போன வருடம் கடை முழுக்க விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறினோம். பென் டிரைவைச் செருகினால் திரையில் ஒன்றும் வராது. ஒவ்வொரு தடவையும் நான் கட்டளை அடித்துத் திறக்க வேண்டும். வரிசையில் நிற்பவர்கள் பார்க்கிற பார்வையிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விடும். குருவி வந்து அரை நாள் உட்கார்ந்தார். அதன்பிறகு செருகியதுமே டிரைவ் தானாகத் திறந்தது.

ஆனால் மனிதர் கூடவே ஒரு பூட்டும் போட்டிருந்தார். வாடிக்கையாளரின் டிரைவைப் படிக்கலாம், அச்செடுக்கலாம். அதில் எதையும் சேர்க்கவோ அழிக்கவோ முடியாது. கடையின் டிரைவுக்கு மட்டும் விலக்கு. ஸ்கேன் செய்ததை யாருடைய டிரைவிலாவது ஏற்றிக் கொடுக்க மறுபடியும் கட்டளைதான்.

"இதை யாரு கேட்டா? எடுத்து விடுங்க" என்று போனில் கத்தினேன்.

"இருக்கட்டும்க்கா."

"கழுத்தறுப்பா இருக்குங்க."

"இருக்கட்டும்க்கா."

பிடித்த பிடியை விடவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஓர் ஆராய்ச்சி மாணவி பென் டிரைவும் கையுமாக மூச்சு வாங்க ஓடி வந்தாள். "லேப்டாப் செத்துப்போச்சுக்கா. நாலு வருஷ உழைப்பு, இதுல மட்டும்தான் இருக்கு. நாலு மணிக்குள்ள குடுக்கணும்."

பெரிய மெஷினில் அச்செடுக்க, ஃபைலை எங்கள் டிரைவில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அதில் இடமில்லை, பழையதை அழித்தாக வேண்டும். அவளுடையதும் எங்களுடையதும் ஒரே கம்பெனி. திரையில் இரண்டும் ஒரே பெயரில் நின்றன. அவசரத்தில் ஒன்றைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, மொத்தமாக அழி என்று அழுத்தினேன்.

முடியாது, படிக்க மட்டுமே அனுமதி என்று வந்தது. குருவியைத் திட்ட வாயெடுத்த பிறகுதான் பார்த்தேன், நான் திறந்திருந்தது அவளுடைய டிரைவ். அதை மூடிவிட்டு, பெயரை இரண்டு தடவை பார்த்து எங்களுடையதைத் திறந்தேன்.

மூன்றரைக்கெல்லாம் ஆய்வேட்டை வாங்கிக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்று சொல்லிப் போனாள். அந்த நன்றிக்கு நான் ஆளில்லை. உடனே குருவிக்குப் போன் போட்டு ஒன்று விடாமல் சொன்னேன். "நீங்க நல்லா இருக்கணும்" என்றேன்.



"என் தங்கச்சியோட ப்ராஜெக்ட்டை நான் இப்படித்தான்க்கா அழிச்சேன். அவளுக்கு ஒரு வருஷம் வீணாப்போச்சு. இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட பேசுறதில்ல."

"அவங்க நம்பர் குடுங்க. இன்னைக்கு நடந்ததை நானே சொல்றேன்."

தேடவில்லை, யோசிக்கவில்லை. பத்து எண்ணையும் ஒரே மூச்சில் சொன்னார்.